கொசுவுக்கு இரண்டு எஞ்சின்

மேல்வீட்டு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, தான் செய்துகொண்டிருந்த மர விமானத்தின் இடது இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். கூடத்துத் தரையில் சம்மணம், மடியில் பழைய போர்வை, அதன்மேல் இறக்கை. வலது கையின் விரல்கள் மட்டும் நுனிவரை போய்த் திரும்பின. ஓரிடத்தில் நின்றன. கண்ணைத் திறக்காமலே பக்கத்தில் கிடந்த உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தில் லேசாக இரண்டு இழுப்பு இழுத்தார், ஊதினார், மறுபடி தடவினார். “ம்… இப்பப் பரவால்ல” என்றார் இறக்கையிடம். வாசலில் நான் நிற்பது அவருக்குத் தெரியாது. மணியை அடித்து அடித்து விரல் வலித்த பிறகுதான் திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தேன்.

நான் வந்தது சண்டை போட. அவர் வீட்டுக்கு நேர் கீழ்வீடு என்னுடையது. அவர் பால்கனியில் உட்கார்ந்து மரம் தேய்த்தால், என் பால்கனியில் காயும் துணியெல்லாம் மாவில் புரட்டிய மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு ஆபீசுக்குப் போட வேண்டிய சட்டை. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றேன். கண்ணைத் திறந்தவர் சட்டையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார். உற்று உற்றுப் பார்த்தார். “தம்பி, கீழ் வரிசைல இடது பக்கம் ஒரு பல்லு லேசா சாஞ்சிருக்கே, சின்ன வயசுல எங்கயாச்சும் விழுந்தீங்களா?” என்று கேட்டார். விழுந்திருந்தேன், சைக்கிளிலிருந்து. அந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. புறப்படும்போது சட்டையை வாங்கி நன்றாக உதறித் தந்தார். தூள் முழுவதும் என் பேன்ட்டில் விழுந்தது.

பல் செட் செய்வது அவர் தொழில். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் கடைவீதிக்குப் பின்னால் ஒரு நீளமான அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத மனிதர்களுக்கு மேல்வரிசையும் கீழ்வரிசையும் செய்து அனுப்புவார். அறை முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. அலமாரியில் வரிசையாக வாய்கள். மேசையின் வலது ஓரத்தில் ஒரு பாலிஷ் மோட்டார் காலையிலிருந்து மாலைவரை கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் நின்று பேச என்னால் ஆகாது; அவரோ அதன் பக்கத்திலேயே தலை நரைத்தவர். மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கையில் வைத்து டக் டக்கென்று கடிக்க விட்டுப் பார்ப்பார். “கடி உக்காரணும் தம்பி. ஒரு மயிரிழை தூக்கிட்டாலும் மனுஷன் சாப்பாட்டைப் பாத்து அழுவான்.” இந்தக் ‘கடி உக்காரணும்’ அவருக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். டப்பா மூடி இறுக்கமாக மூடினால் கடி உட்கார்ந்துவிட்டது. எதிர்வீட்டுக் கணவனும் மனைவியும் பிரிந்துபோனபோது ஊரே ஆளுக்கொரு காரணம் சொன்னது. இவர் சொன்னது ஒன்றுதான்: “ரெண்டு பேருக்கும் கடி உக்காரல.”

தெருவில் அவருக்குப் பெயர் பைலட். நக்கலாக வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கு அதில் பெருமை. நிஜ விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. கேட்டால், “ஏறினா அது நம்ம கைலயா இருக்கும்? சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு பஸ்ஸே போதுமே” என்பார்.

அவர் செய்துகொண்டிருந்தது ரிமோட்டில் பறக்கிற ஒரு போர் விமானம். பழைய உலகப்போரில் பறந்த ஒன்றின் அச்சு அசல் மாதிரி. அதற்குக் கொசு என்று பேர் வைத்திருந்தார்களாம், அந்த விமானத்தைக் கட்டிய வெள்ளைக்காரர்கள். உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது மரத்தில் செய்தார்களாம். “மரத்துல செஞ்சு சண்டைக்கு அனுப்பினான் பாருங்க, அவன் தம்பி ஆம்பளை!” என்று தொடையைத் தட்டிக்கொள்வார். இந்தக் கொசுவை விரித்தால் கட்டிலைவிடப் பெரியது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் எஞ்சின். செடிவெட்டும் இயந்திரத்தில் இருக்குமே, அந்த அளவு. உள்ளே விலா விலாவாக மெல்லிய கட்டை. ஒவ்வொரு விலாவையும் அட்டையில் வரைந்து, வெட்டி, எடை பார்த்து, பசை வைத்து நிறுத்தியிருந்தார். இடது இறக்கையில் பூசிய வண்ணம் வலது இறக்கையில் பூசியதைவிட ஒரு துளி கூடிவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சுரண்டினார்.

விமானி அறைக்குள் அருகருகே இரண்டு பொம்மைகள். கடையில் வாங்கியதல்ல. பல் செட்டில் ஈறுக்கு ஊற்றுகிற பிசினில் அவரே வார்த்தது. அதனால் இரண்டு வீரர்களுக்கும் முகம் நல்ல ரோஜா நிறம், ஈறு மாதிரியே. வாயை வேறு லேசாகத் திறந்து வைத்திருந்தார், பல் தெரியட்டும் என்று. உலகப்போருக்குப் போகிறவன் இப்படிச் சிரித்துக்கொண்டு போவானா என்று கேட்டேன். “பல்லு நல்லா இருந்தா எவனும் சிரிப்பான்” என்றார்.

இனி அவர் மனைவி, அண்ணியைப் பற்றி. ஒரு பெரிய மருத்துவமனையில் நோயாளிகளை நம்பர் சொல்லி உள்ளே கூப்பிடுகிற வேலை. “எழுபத்தி ரெண்டூ… உள்ள வாங்க! எழுபத்தி மூணு, ரிப்போர்ட்டைக் கைல எடுத்து வெச்சுக்குங்க!” அந்தக் கூடத்தில் ஒலிபெருக்கி இருந்தது. ஒருநாள் ரிப்பேர் ஆனது. அதை யாரும் சரி செய்யவில்லை, தேவைப்படவில்லை. அதே குரல்தான் வீட்டிலும். அவர்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டதா, தண்ணீர் வரவில்லையா, மாமியார் ஃபோனில் என்ன சொன்னார், எல்லாம் எங்கள் கட்டடத்தில் எல்லா மாடிக்கும் தெரியும். அந்தக் குரலினாலேயே ஒரு விஷயம் யாருக்கும் தெரியாமல் வெகுநாள் மறைந்து கிடந்தது. அதற்கு வருகிறேன்.

விமானத்தை அண்ணி ‘சக்களத்தி’ என்றுதான் சொல்வார். “வீட்டுல எனக்கு ஒரு அலமாரி இல்ல தம்பி. துணி வெக்கிற இடத்துல சக்களத்தியோட இறக்கை. சாப்பாட்டு மேசைல அவ உடம்பு. நாங்க ரெண்டு பேரும் தரைல உக்காந்து சாப்பிடறோம்.” அண்ணன் இதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு சிரிப்பார். அண்ணி அவர் பறக்கவிடும் மைதானத்துக்கு ஒருநாளும் போனதில்லை. கூப்பிட்டால், “ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் என் காதுக்கு லீவு” என்பார்.

முழு விமானத்தையும் முதல்முதலாகச் சேர்த்துப் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலை. எந்த அறையிலும் அது அடங்காது. யோசித்து யோசித்து வாசற்படிக்கு நேராக வைத்தார். உடம்பு நிலைப்படியில், ஒரு இறக்கை கூடத்துக்குள், மறு இறக்கை வெளி வராந்தாவில். இறக்கைகளைக் கோத்துப் பிடிக்கிற அலுமினியக் குழாயைச் செருகிவிட்டு, நான் வராந்தாவிலிருந்து தள்ள, அவர் உள்ளேயிருந்து தள்ள, மெதுவாக வந்து ஒட்டின. இரண்டு பக்கமும் இடைவெளி இல்லை. ஒரு தாளைச் செருகிப் பார்த்தார், நுழையவில்லை. “கடி உக்காந்துச்சு!” என்று கத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து அண்ணி, கைப்பையும் குடையுமாக, “நான் டூட்டிக்குப் போக வேண்டாமா? எந்த வழியாப் போறது, ஜன்னல் வழியாவா?” என்றார். விமானத்தைக் கழற்றச் சொன்னால் மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது. அண்ணியும் அதைப் பார்த்தார். பையை முதலில் தரையோடு தள்ளிவிட்டு, குனிந்து, தவழ்ந்து, இறக்கைக்குக் கீழே வெளியே வந்தார். மேலே தட்டிவிடாமல் பின்னலை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். படியிறங்கும்போது அவர் திட்டியது தெருமுனைவரை கேட்டது.

அந்த வாரம் மைதானத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். ஊருக்கு வெளியே, மூடிப்போன ஒரு கிடங்கின் பின்னால், நீளமாகச் சிமென்ட் தரை. இந்தப் பைத்தியங்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவர் ஒரு வெல்டர். அண்ணனின் பழைய நண்பர். பெரிய விமானம் எதுவாக இருந்தாலும் அவர் பார்த்து, சரி என்றால்தான் மேலே போகலாம். எஞ்சின் ஓடும்போது விமானம் முன்னால் பாய்ந்துவிடாமல் ஒருவர் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆபீசில் இத்தனை வருஷம் எவனுக்கும் வால் பிடிக்காதவன், அன்றைக்குப் பிடித்தேன்.

இரண்டு எஞ்சினும் ஓடின. அண்ணன் விமானத்துக்குப் பின்னால் நின்று, காதைக் கொடுத்துக் கேட்டு, பெட்ரோல் திருகாணியை ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் குறைத்து, இரண்டையும் ஒன்றாக்கினார். வெல்டரிடம் விசிறியின் சுற்றை எண்ணும் சின்ன மீட்டர் ஒன்று இருந்தது. நீட்டினார். “காது இருக்கும்போது மீட்டர் எதுக்குப்பா?” என்று அண்ணன் தள்ளிவிட்டார். நான் வாலை விட்டேன். கொசு தரையில் ஓடியது. கொஞ்ச தூரத்திலேயே இடது பக்கம் வளைந்து புல்லுக்குள் இறங்கிவிட்டது. மறுபடி விட்டோம். மறுபடி இடது பக்கம். வால் சக்கரம்தான் கோணல் என்று கழற்றினார், நிமிர்த்தினார், மாட்டினார். திரும்பவும் அதே கதை. அடுத்த வாரம் புதுச் சக்கரம். அதுவும் இடது பக்கம் இழுத்தது. “நிஜக் கொசுவே கிளம்பும்போது இப்படித்தான் இழுக்குமாம், புத்தகத்துல போட்டிருக்கான்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு ஒருநாள், வாலின் சுக்கானை லேசாக வலது பக்கம் திருப்பி வைத்தே ஓட்டினார். வெல்டர் குனிந்து அதைப் பார்த்தார். “ஏம்ப்பா, கோணலா வெச்சு நேரா ஓட்டப் பாக்கறியே. எங்கயோ வேற எதுவோ தப்பு. கண்டுபிடிக்காம மேல ஏத்தாதே” என்றார்.

தப்பைக் கண்டுபிடித்தது அண்ணி. மொட்டை மாடியில், விமானத்தைத் தண்ணீர்த் தொட்டித் தூணோடு கயிற்றால் கட்டிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்த துணி எடுக்க வந்த அண்ணி, தோளில் போர்வையோடு நின்றார். “வலது பக்கத்துது மட்டும் ஏன் இப்படிக் கத்துது?” என்றார்.

“ரெண்டும் ஒண்ணாத்தாம்மா ஓடுது.”

“எங்க ஒண்ணா ஓடுது? அது அவதி அவதின்னு முன்னாடி ஓடுது, இது பின்னாடி இழுத்துக்கிட்டுப் போகுது. தம்பி, உங்களுக்குக் கேக்கல?”

கேட்டது. சொல்லப்போனால் முதல் நாளே கேட்டது. அவர் பெரிய வித்தைக்காரர், நமக்கென்ன தெரியும் என்று பேசாமல் இருந்தேன். அண்ணன் எஞ்சின்களை நிறுத்திவிட்டு, திருகாணியைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அண்ணி அவர் பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் அவர் பின்தலையையே பார்த்தார். சட்டென்று உள்ளங்கையால் அவருடைய இடது காதை இறுகப் பொத்தி, வலது காதோரம் குனிந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில், “உங்களுக்கு ரெண்டாவதா ஒரு கல்யாணம் பண்ணி வெக்கட்டுமா? பொண்ணு பாத்து வெச்சிருக்கேன்” என்றார்.

“சரி சரி, அப்படியே பண்ணிடலாம்” என்றார் அண்ணன், திருகாணியிலிருந்து தலை தூக்காமல்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

“நாளைக்கே வெச்சுக்கலாமா?”

“உன் இஷ்டம்மா. எனக்கென்ன.”

அண்ணி கையை எடுத்தார். “எத்தனை நாளா?” என்று பழைய குரலில் கத்தினார். அவர் திரும்பிப் பார்த்து, எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, மாட்டிக்கொண்டோம் என்று புரிந்துகொண்டார். “கொஞ்ச நாளாத்தான். தூசி அடைச்சிருக்கும்” என்றார். அண்ணி அந்தப் போர்வையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். “ஊருக்கெல்லாம் கத்துறவ, வீட்டுலயும் கத்திக் கத்தியே இவருக்குக் கேக்கலைங்கறது எனக்குத் தெரியாமப் போச்சே தம்பி!” எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பாலிஷ் மோட்டார் செய்த வேலை அது. வலது காது ஏறக்குறையப் போய்விட்டது, இடது காதை இனிமேலாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் காது டாக்டர். வலது பக்கம் குறைவாகக் கேட்டதால், வலது எஞ்சினைக் கூட்டிக் கூட்டி வைத்து, இரண்டும் ஒன்றாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். வண்ணம் ஒரு துளி கூடிற்றென்று ஒருநாள் முழுக்கச் சுரண்டிய மனிதர், தன் காதையே விமானத்தில் கோணலாகப் பொருத்தி வைத்திருந்தார். கோணலைத் தேடிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கொசு, இறக்கை கழற்றியபடி, அலமாரி மேலேயே கிடந்தது. ஒருநாள் கேட்டேன். மீட்டர் வைத்து எஞ்சினைச் சரி செய்துவிட்டால் போதாதா?

“தரைல போதும் தம்பி. மேல போனப்புறம்? ரெண்டு எஞ்சின் இருக்கறதால ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு காப்பாத்தும்னு எல்லாரும் நினைக்கறாங்க. அதான் இல்ல. ஒண்ணு நின்னுபோச்சுன்னா, ஓடுறது வண்டியை ஒரு பக்கமா இழுத்துச் சுத்திடும். அந்த நிமிஷமே ஓடுறதையும் குறைக்கணும். மனசு கேக்காது. இன்னும் கொஞ்சம் கூட்டினா தாங்கிடும்னுதான் தோணும். கூட்டினா முடிஞ்சுது, தலைகீழா வந்து விழும். நின்னதைக் காதாலதான் பிடிக்க முடியும். கண்ணுக்குத் தெரியறப்போ நேரம் போயிருக்கும்.”

வெல்டர் நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து, “நான் ஓட்டித் தர்றேன், நீ பக்கத்துல நில்லு” என்றார். அண்ணன் யோசிக்கிறேன் என்று அனுப்பிவிட்டார். கதவைச் சாத்தியபின் என்னிடம், “அவன் என்னைவிட நல்லா ஓட்டுவான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா அண்ணாந்து பாத்துட்டு நிக்கறதுக்கா தம்பி இத்தனை வருஷம் கட்டினேன்? ஒரே ஒரு தடவை, என் கையால அது மேல போயிட்டுத் திரும்பி வரணும். அப்புறம் வித்துடறேன், எரிச்சுடறேன், என்ன வேணா பண்றேன்” என்றார். இப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை.

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி குழாயை மூடினார். “நான் வந்து நிக்கறேன். எஞ்சின் ஒண்ணு நின்னா சொல்றேன். அவ்வளவுதானே?”

“உனக்கு அதைப் பத்தி என்னம்மா தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. சத்தம் தெரியும். இத்தனை வருஷமா இதுங்க சத்தத்துலதானே குடித்தனம் பண்றேன்.”

வெல்டர் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. மைதானத்தில் விமானத்தைக் கட்டிப்போட்டு இரண்டு எஞ்சினையும் ஓடவிட்டார். இப்போது மீட்டர் வைத்து, ஒன்றாக. அண்ணனையும், அவருக்கு இடது பக்கம் அண்ணியையும், விமானத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு எஞ்சினின் பெட்ரோல் குழாயை விரலால் நசுக்கினார். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. “ஒண்ணு இருமுது!” என்றார் அண்ணி. அதற்குப் பிறகுதான் அது நின்றது. வெல்டர் புருவத்தைத் தூக்கினார். பலமுறை நசுக்கிப் பார்த்தார். அண்ணி ஒருமுறைகூடத் தவறவில்லை.

தவறியது அண்ணன். அண்ணி சொன்னவுடன், ரிமோட்டில் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலை இறக்க வேண்டும். அவரோ ஒவ்வொரு தடவையும் முதலில் திரும்பி விமானத்தைப் பார்த்தார். “நிஜமாவா? எனக்கு ஓடற மாதிரிதானே இருக்கு?” என்பார். பார்த்து, உறுதி செய்துகொண்டு, பிறகு இறக்குவார். மயிரிழைக்கு அளவெடுத்துப் பழகிய கை. சரிபார்க்காமல் எதையும் செய்யாது. “நீ விசாரணை முடிச்சுத் தீர்ப்பு சொல்றதுக்குள்ள அது மண்ணுல மூக்கைக் குத்தியிருக்கும்” என்று வெல்டர் கத்தினார். அண்ணிக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த இரும்புத் துண்டு சொன்னாத்தான் நம்புவீங்க இல்ல? வாழ்க்கை பூரா இதேதான்!” அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வெல்டர் கடைசியாகச் சொன்னார்: ஒரே ஒருமுறை மேலே விடலாம். அங்கேயும் திரும்பிப் பார்த்து யோசித்துக்கொண்டு நின்றால், வெல்டர் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வார். அப்புறம் கொசு அண்ணன் கைக்கு வராது.

காற்றில்லாத ஒரு காலை. அண்ணி டூட்டிக்குப் போகிற உடுப்பிலேயே வந்திருந்தார், நேரே அங்கிருந்து போய்விடலாமென்று. அண்ணன் ரிமோட்டைப் பட்டையில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வாலை விட்டேன். கொசு கோடு கிழித்த மாதிரி நேராக ஓடியது, வால் எழுந்தது, தரையை விட்டது. ஐயோ, அது எழுந்த அழகு! மரத்தூளாக என் சட்டையில் படிந்ததெல்லாம் அங்கே மேலே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து மேலே பார்த்தோம். அண்ணி மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடி, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி முகத்தைத் தாழ்த்தி நின்றார். ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. வெயிலில் வயிற்றைக் காட்டித் திரும்பியபோது அண்ணன் சின்னதாக ஏதோ சொன்னார், யாரிடமும் இல்லை.

“போச்சு! குறைங்க!”

மருத்துவமனைக் கூடத்தையே எழுப்புகிற குரல். நான் நிமிர்ந்து பார்த்தேன். என் கண்ணுக்கு இரண்டு விசிறியும் சுழன்றுகொண்டுதான் இருந்தன. என் காதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ, “இல்லையே, ஓடுதே” என்றார்கள். வெல்டரின் கை ரிமோட்டை நோக்கி நீண்டது. ஆனால் அண்ணனின் கட்டைவிரல் அதற்கு முன்பே கீழே இறங்கிவிட்டது. அவர் எதையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் மேலே ஒரு இருமல் கேட்டது, ஒரு விசிறி தடுமாறி நின்றது. விமானம் வலது பக்கம் கொஞ்சம் சரிந்தது, நிதானித்தது, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, ஓடுகிற எஞ்சினின் மெல்லிய முனகலோடு வட்டமாக இறங்கி வந்தது. தரையில் ஒருமுறை குதித்தது. இறக்கை நுனி சிமென்டில் உரசிச் சத்தம் போட்டது. புல் ஓரத்தில் போய் நின்றது, முழுசாக.

எல்லோரும் கத்தினோம். அண்ணன் மிச்சமிருந்த எஞ்சினையும் அணைத்தார். வெல்டர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “உனக்குக் கேட்டுச்சா? சொல்லு, கேட்டுச்சா உனக்கு?”

“இல்ல” என்றார் அண்ணன்.

அண்ணி அப்போதுதான் கண்ணைத் திறந்தார். “என்ன ஆச்சு? உடைஞ்சுடுச்சா?” என்று கேட்டார். அண்ணன் தன் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றி, ரிமோட்டோடு அண்ணியின் கழுத்தில் மாட்டினார். பட்டையில் சிக்கிய பின்னலை எடுத்து வெளியே விட்டார். பிறகு விமானத்தை எடுத்துவர நடந்தார். அண்ணி கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கனத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பொத்தானிலும் விரல் படாமல், அவர் திரும்பி வரும்வரை அசையாமல் நின்றார்.